கடப்பாரையை இறக்கும் முன்

தென்னங்கன்று நட மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி எடுக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். தாழ்வழுத்த மின்கேபிளைப் புதைக்க இந்தியத் தரநிலை சொல்லும் ஆழம் 0.75 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை அடி. 11,000 வோல்ட் கேபிளுக்கு 0.9 மீட்டர், அதாவது அதே மூன்றடி. நாமே போட்டுக்கொண்ட தண்ணீர்க் குழாயும் கேட் விளக்கு ஒயரும் அரை அடி, ஒரு அடியிலேயே கிடக்கும். கன்று நடவோ, துணி காயப்போடும் கம்பத்துக்கோ, கேட் தூணுக்கோ, எதற்காகக் குழி எடுத்தாலும் நாம் போய் இறங்குவது இவையெல்லாம் இருக்கும் மட்டத்துக்குத்தான்.

இதில் எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. வீட்டின் சங்கதி தெரிந்தவர் நிழலில் நிற்கிறார். அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே அறியாத கூலித் தொழிலாளி வெறுங்காலோடு இரும்புக் கடப்பாரையை ஓங்குகிறார். மண்ணுக்குள் எது எங்கே போகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது தோண்டுபவர் அல்ல, தோண்டச் சொல்பவர். இந்தக் குறிப்புகள் அவருக்காக.

1. முதலில் இடத்தைக் குறியுங்கள். தோண்டப்போகும் இடத்தைச் சுண்ணாம்புத் தூளாலோ கோலமாவாலோ தரையில் வரைந்துவிடுங்கள். "அந்தப் பக்கமா ஒரு குழி" என்று சொல்லிக் கேட்டால் எலெக்ட்ரீசியனாலும் சரியான பதில் சொல்ல முடியாது. எத்தனை அடி ஆழம் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். வாழைக்கு ஒன்றரை அடி போதும், தென்னைக்கு மூன்றடி, காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்துக்கு இன்னும் கீழே போக வேண்டியிருக்கும்.

2. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். மண்ணுக்குள் போகும் எந்த லைனும் எங்கோ ஓரிடத்தில் மேலே தலைகாட்டியே தீரும். மீட்டர் பெட்டி, சம்ப் மூடி, மோட்டார், போர் வாய், சேம்பர் மூடிகள், செப்டிக் டேங்க், கேட் தூணில் இருக்கும் விளக்கு, காஸ் மீட்டர், இன்டர்நெட் ஒயர் சுவருக்குள் நுழையும் ஓட்டை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டு முனைகளையும் இணைத்துச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தால் லைன் போகும் பாதை ஓரளவு பிடிபடும். ஆனால் பதித்தவர் கயிறு பிடித்து நேராகப் பதித்திருப்பார் என்று நம்ப வேண்டாம். கோட்டுக்கு இருபுறமும் மூன்றடி வரை சந்தேகத்துக்குரிய இடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

3. மின் இணைப்பு மேலே வருகிறதா, கீழே வருகிறதா? தெருக் கம்பத்திலிருந்து ஒயர் காற்றில் வந்து மாடிச் சுவரில் இறங்கினால் இந்த ஒரு கவலை குறையும். தெருவில் கம்பமே இல்லாமல் இரும்புப் பில்லர் பெட்டி நின்றால் உங்கள் இணைப்பு நிலத்தடிக் கேபிள். அது கேட்டுக்குக் கீழேயோ காம்பவுண்டுக்குக் கீழேயோ நுழைந்து மீட்டர் பலகைக்கு ஏறும். சென்னையின் பல பகுதிகளில் இப்படித்தான். கம்பம் இருக்கும் தெருவிலும் சிலர் அழகுக்காகக் கம்பத்தடியிலிருந்து கேபிளை மண்ணுக்குள் கொண்டுவந்திருப்பார்கள். கம்பத்தின் அடியில் குழாய்க்குள் ஒரு கறுப்புக் கேபிள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

4. மெயினை அணைத்துவிட்டால் ஆபத்து இல்லை என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. அது தவறு, உயிரைக் குடிக்கும் தவறு. மெயின் சுவிட்ச் மீட்டருக்கு அப்புறம் இருக்கிறது. பில்லரிலிருந்து மீட்டர் வரை வரும் கேபிளில், நீங்கள் மெயினை இறக்கினாலும் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்க வீட்டில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யும் அந்தக் கேபிளைக் காக்காது. அது தனக்குப் பின்னால் உள்ள ஒயர்களை மட்டுமே கவனிக்கும். அந்தக் கேபிளில் மின்சாரத்தை நிறுத்த மின்வாரிய ஆட்களால்தான் முடியும்.

மெயினுக்குப் பின்னால் இருக்கும் தோட்ட ஒயர்களிலும் ஒரு கண்ணி உண்டு. மெயினை அணைத்த மறுநொடி இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். கேட் விளக்கும் தோட்ட விளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், மெயின் இறங்கியிருந்தும் அந்த ஒயரில் 230 வோல்ட் இருக்கும். எனவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் நிறுத்துங்கள். மாடியில் சூரிய மின்தகடுகள் இருந்தால் அவற்றின் ஐசொலேட்டரையும் மறக்காதீர்கள்.

5. எர்த் குழியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் வீட்டின் பக்கச் சுவரிலிருந்து சில அடி தள்ளி, சின்ன சிமென்ட் தொட்டியும் நடுவில் ஒரு இரும்புக் குழாயுமாக இருக்கும். பல வீடுகளில் அதன்மேல் மண் மூடி, பூந்தொட்டி வைத்து, எர்த் குழி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். அங்கிருந்து மீட்டர் பலகைக்குப் போகும் செம்புக் கம்பியோ ஜிஐ பட்டையோ அதிக ஆழத்தில் இருக்காது.

மற்ற லைன்கள் அறுந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். தண்ணீர் பீறிடும், விளக்கு அணையும், நாற்றம் அடிக்கும். எர்த் கம்பி அறுந்தால் ஒன்றுமே தெரியாது. விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும், எல்லாம் வழக்கம்போல இருக்கும். பிறகு ஒரு நாள் மோட்டாரிலோ கீசரிலோ கசிவு வரும்போது, அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் இரும்பு உடலிலேயே காத்திருக்கும். குழி எடுக்கும்போது துருப்பிடித்த கம்பியோ பட்டையோ தட்டுப்பட்டால் "ஏதோ பழைய இரும்பு" என்று வெட்டி எறிய விடாதீர்கள். கரித்தூளும் உப்பும் கலந்த மண் வந்தால் எர்த் குழிக்குள்ளேயே நிற்கிறீர்கள் என்று பொருள்.

6. அதிகம் வெட்டுப்படுவது எது என்று என்னைக் கேட்டால், வீடு கட்டி முடித்தபின் சேர்த்த ஒயர்கள் என்பேன். கேட் விளக்கு, காலிங் பெல், சிசிடிவி, தானியங்கிக் கேட்டின் மோட்டார். இவை எந்த வரைபடத்திலும் இருக்காது. ஒரு அங்குல பிவிசி குழாய்க்குள் விட்டு, ஒரு கைப்பிடி மண் போட்டு மூடியிருப்பார்கள். சில இடங்களில் குழாய்கூட இருக்காது.

7. போர் வாயிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயும், மோட்டாருக்குப் போகும் தட்டையான கேபிளும் பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான் போகும். தண்ணீர்க் குழாய் தட்டுப்பட்டால் "குழாய்தானே" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அருகிலேயே கேபிளும் இருக்கிறது என்று எண்ணிக் கையை நிதானமாக்குங்கள். பழைய கிணற்று மோட்டாரின் கேபிள் கைவிடப்பட்டது என்று சொல்வார்கள். மறுமுனை எதிலும் இணைக்கப்படவில்லை என்று எலெக்ட்ரீசியன் கண்ணால் பார்த்துச் சொல்லும் வரை அதையும் உயிருள்ளதாகவே கருதுங்கள்.

8. கழிவுநீர்க் குழாயைக் கண்டுபிடிப்பதுதான் இவற்றில் சுலபம். சாய்வாக ஓட வேண்டும் என்பதால் ஒரு சேம்பருக்கும் அடுத்த சேம்பருக்கும் நடுவே குழாய் நேராகத்தான் போகும். வளைவு வருமிடத்தில் இன்னொரு சேம்பர் கட்டியிருப்பார்கள். இரண்டு மூடிகளின் நடுப்புள்ளிகளை ஒரு கயிற்றால் இணைத்தால் குழாயின் பாதை கிடைத்துவிடும். எந்தக் குளியலறை எந்தச் சேம்பருக்குப் போகிறது என்று தெரியாவிட்டால், மூடியைத் திறந்து வைத்து உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். மூடியைத் திறந்த உடனே முகத்தைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம். சற்றுக் காற்றாட விடுங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது.

9. செப்டிக் டேங்கின் இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். அதன் மேல்மூடி ஆட்கள் நடக்கத்தான் போடப்பட்டது. சக்கரம் ஏறினால் உள்ளே இறங்கிவிடும். பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த ஊர்களில் பழைய செப்டிக் டேங்கை மண் நிரப்பாமல் அப்படியே மூடிவிட்ட வீடுகள் நிறைய உண்டு. கடப்பாரையைத் தரையில் தட்டும்போது வெற்றொலி கேட்டால் வேலையை நிறுத்துங்கள். அதற்குள் தேங்கியிருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். உள்ளே விழுந்த மண்வெட்டியை எடுக்கக்கூட யாரையும் இறக்காதீர்கள். சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ தகுந்த பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

10. மழைநீர்க் குழியும் கணக்கில் வரட்டும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கோ ஜல்லி நிரப்பிய குழிக்கோ கொண்டுபோகும் குழாய்கள் பதித்தார்கள். மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாய் தரைக்குள் போனால் அதன் மறுமுனையைத் தேடுங்கள். அதை உடைத்தால் உடனே சேதம் தெரியாது. ஐப்பசி மழையில் அஸ்திவாரத்தின் ஓரம் தண்ணீர் நிற்கும்போது தெரியும்.

11. வீடு கட்டிய ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். கார்ப்பரேஷன் அங்கீகரித்த வரைபடத்தில் செப்டிக் டேங்கும் சம்பும் எங்கே என்று இருக்கும். ஆனால் குழாய் எந்த வழியாகப் போனது என்பதைக் கொத்தனாரும் பிளம்பரும் அந்த இடத்தில் நின்று முடிவு செய்தார்கள். அது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. வாங்கிய வீடு என்றால் முன்பு இருந்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நீங்களே கட்டிய வீடு என்றால் பழைய ஃபோனில் இருக்கும் கட்டுமானக் காலப் படங்களைப் பாருங்கள். பூமி பூஜை, கான்கிரீட் போட்ட நாள் என்று எடுத்த படங்களின் ஓரத்தில் திறந்த பள்ளமும் குழாயும் விழுந்திருக்கும். எந்தக் கருவியையும்விட அந்தப் படங்களை நான் நம்புவேன்.

12. அலுவலகங்களைக் கேளுங்கள். காம்பவுண்டு ஓரமாகவோ கேட்டருகிலோ தோண்டுவதாக இருந்தால் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். லைன்மேனை அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் அழைக்கலாம். சென்னையில் குடிநீர், பாதாளச் சாக்கடைக்கு மெட்ரோ வாட்டரின் எண் 044-4567 4567. மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியின் குடிநீர்ப் பிரிவு. கேட்டுக்கு வெளியே ஒரு அடி என்றாலும் அது தெரு. அனுமதி வாங்காமல் தொடாதீர்கள்.

'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை 2023 மார்ச் 22 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார். தோண்டுபவர் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போய்விடும். சாலையைத் தோண்டும் ஒப்பந்தக்காரர்களை எண்ணி உருவாக்கியது அது. வீட்டுக் கொல்லைக்குள் இருப்பதை அது சொல்லாது.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருப்பவர்கள், அங்கே தோட்டம் போட ஆசைப்பட்டால் 811 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2007 முதல் நாடு முழுக்க அந்த ஒரே எண்தான். சில நாட்கள் முன்னதாகச் சொன்னால் ஆட்கள் வந்து இலவசமாகத் தரையில் நிறம் பூசிப் போவார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, காஸுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. ஒரு ரோஜாச் செடி நடுவதற்கும் அழைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அங்கேயும் குறிப்பது பொது லைன்களைத்தான். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரர் தானே போட்டுக்கொண்ட தோட்ட விளக்கு ஒயரும் சொட்டுநீர்க் குழாயும் அவர் பொறுப்பு. ஆஸ்திரேலியாவில் இதற்கான எண் 1100.

13. குழாய்வழி காஸ் வந்திருக்கிறதா? சென்னை, கோவை போன்ற ஊர்களில் வீடுகளுக்கு இப்போது இயற்கை எரிவாயு குழாயில் வருகிறது. மண்ணுக்குள் அது மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் குழாய். தண்ணீர்க் குழாய் என்று ஏமாறுவது சுலபம். தெருவோரம் நிற்கும் காஸ் அடையாளக் கல்லையும் பலகையையும் கவனியுங்கள். பில்லில் அச்சிட்டிருக்கும் அவசர எண்ணை, தோண்டும் நாளுக்கு முன்பே ஃபோனில் சேமித்து வையுங்கள். உங்கள் வீட்டில் இணைப்பு இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குப் போகும் குழாய் உங்கள் வாசலைக் கடந்து போகலாம்.

14. கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது? கேபிள் லொக்கேட்டர் என்ற கருவியோடு வந்து பார்த்துச் சொல்பவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். அது மின்காந்த அலையை வைத்துத் தேடுவதால் செம்பு, அலுமினியம், இரும்பு எல்லாம் பிடிபடும். பிவிசி குழாய் பிடிபடாது. நம் வீட்டில் பாதிக்கு மேல் பிவிசி என்பதால் "கருவி ஒன்றும் காட்டவில்லை" என்பதை "ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவருக்குள் ஒயர் தேடும் கையடக்கக் கருவி சில அங்குலத்துக்கு மேல் பார்க்காது. மண்ணில் அதை நம்பிப் பயனில்லை.

15. தோண்டும் நாள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். தோண்டுபவருக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்; கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு இல்லை. வேலை தொடங்கும் முன் அவரை அழைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோடுகளைக் காட்டி, "இங்க கேபிள் போகுதுண்ணே, இந்தப் பக்கம் குழாய், ஏதாவது தட்டுப்பட்டா வெட்டாதீங்க, என்னைக் கூப்பிடுங்க" என்று நேரில் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் சொன்னது அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

சந்தேகமுள்ள இடத்தில் கடப்பாரையையும் பிக்காசையும் ஓங்கிப் போடக் கூடாது. மண்வெட்டியால் ஓரத்திலிருந்து சாய்வாகச் சீவிச் சீவி இறங்க வேண்டும்.  சுற்றிலும் செம்மண்ணாக இருக்க, நடுவில் மட்டும் ஆற்றுமணலோ எம்-சாண்டோ வந்தால் நிறுத்துங்கள். கேபிளைப் பதிக்கும்போது மேலும் கீழும் மணல் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்குவது வழக்கம். வரிசையாகச் செங்கல், சிவப்பு அல்லது மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை, எழுத்துள்ள சிமென்ட் பலகை, எது வந்தாலும் அதற்குக் கீழே ஏதோ ஒன்று காத்திருக்கிறது.

வீட்டில் மண் கொட்டி மேடாக்கியிருந்தால் லைன்கள் கூடுதல் ஆழத்தில் இருக்கும். மண்ணை எடுத்துத் தளத்தை இறக்கியிருந்தால் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்திருக்கும்.

16. சின்ன வேலைக்கு ஜேசிபி வேண்டாம். அதன் பல்லுக்குக் கேபிளும் வேரும் ஒன்றுதான். தவிர்க்க முடியாவிட்டால், லைன் போகும் இடங்களை முதலில் ஆட்களைக் கொண்டு கையால் திறந்து கண்ணால் பார்த்தபின் மற்ற இடங்களுக்கு வண்டியைப் பயன்படுத்துங்கள். வண்டி வேலை செய்யும்போது குழியைப் பார்த்துக்கொண்டே நிற்க ஓர் ஆள் வேண்டும்.

17. வெட்டுப்பட்டுவிட்டால்:

மின்கேபிள் என்றால் எல்லோரும் விலகுங்கள். தள்ளி நடக்கும்போது பாதங்களைத் தூக்காமல், ஒன்றையொன்று ஒட்டியபடி, சிறு சிறு அடியாக நகருங்கள். யாராவது மின்சாரம் தாக்கிக் கிடந்தால் தொட்டு இழுக்காதீர்கள். வீட்டு ஒயர் என்றால் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். வாரியக் கேபிள் என்றால் மின்னகத்துக்கும் 108-க்கும் அழையுங்கள். ஜேசிபி மேல் கேபிள் பட்டிருந்தால் ஓட்டுநர் உள்ளேயே இருக்கட்டும், மின்சாரம் நிறுத்தும் வரை இறங்கக் கூடாது.

காஸ் குழாய் என்றால் மண்ணைப் போட்டு மூடவோ, துணி சுற்றவோ முயல வேண்டாம். பீடி, அடுப்பு, வண்டி எதுவும் கூடாது. வீட்டுக்குள் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரையும் காற்று வரும் திசைக்கு அழைத்துப் போய், தூரத்தில் நின்று காஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் பேசுங்கள். மண்ணுக்குள் கசியும் காஸ் சாக்கடைக் குழாய் வழியாக வீட்டுக்குள்ளும் வரக்கூடும். அதனால் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே குழியில் உடைந்தால் சம்புத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சரிசெய்து, சம்பைக் கழுவி, குளோரின் போட்ட பிறகுதான் புழங்க வேண்டும்.

18. லேசான கீறல்தான், மண்ணைப் போட்டு மூடிவிடுவோம் என்பவர்களுக்கு: கேபிளின் மேலுறையில் சின்னக் காயம் பட்டால் போதும், அடுத்த மழையில் ஈரம் உள்ளே போய், சில மாதம் கழித்து அது வெடிக்கும் அல்லது மண்ணில் கசியும். அப்போது அந்த ஈர மண்ணில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். கீறலை எலெக்ட்ரீசியனிடம் காட்டாமல் மூடாதீர்கள். தோண்டியவர் பயந்து மறைக்காமல் இருக்க வேண்டுமானால், சேதம் ஆனாலும் கூலி பிடிக்க மாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

19. கன்று நடுவதாக இருந்தால் வேர் போகும் தூரத்தையும் பாருங்கள். அரசு, ஆல், தூங்குமூஞ்சி மரங்களை வீட்டுக் கழிவுக் குழாய்க்கு அருகில் நடவே வேண்டாம். பழைய மண்குழாய்களின் இணைப்பில் கசியும் ஈரத்தைத் தேடி வேர் உள்ளே புகுந்துவிடும்.

20. குழியை மூடும் முன் ஒரு படம் எடுங்கள். கண்ணில் பட்ட லைன் எதுவானாலும், அதன் மேல் அளவு டேப்பை விரித்து வைத்து, காம்பவுண்டு மூலையோ வீட்டுச் சுவரோ தெரியும்படி எடுங்கள். அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று தாளில் குறியுங்கள். புதிதாக ஒயர் போட்டால் கெட்டியான குழாய்க்குள் விட்டு, மேலே மணலும் செங்கல்லும் வைத்து, அரை அடி மேலே எச்சரிக்கைப் பட்டையையும் விரியுங்கள். மின்சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வரைந்த தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். வாடகைக்கு வருபவருக்கும், வீட்டை வாங்குபவருக்கும், அடுத்து வரும் பிளம்பருக்கும் அதைக் காட்டுங்கள்.